குழந்தையின் வீசிங்கும் வீட்டுக் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீசிங்கோடு வரும் பிள்ளையின் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது எக்ஸ்ரே இல்லை. “அடுத்த தடவை வரும்போது பிள்ளை படுக்கும் அறையை ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். டாக்டர் பார்க்கப்போகிறாரே என்று ஒதுக்கி வைக்காதீர்கள், இருக்கிறபடியே எடுங்கள்” என்பேன்.

ஒரு மழைக்காலத்தில் ஓர் அம்மா காட்டிய வீடியோ இன்னும் நினைவிருக்கிறது. பத்துக்குப் பத்து அறை. ஜன்னல் சாத்தியிருந்தது, ஆறு மணிக்கு மேல் திறந்தால் கொசு. கட்டிலுக்கடியில் எவர்சில்வர் தட்டில் கொசுவர்த்திச் சுருள். கட்டில்மேல் இலவம்பஞ்சு மெத்தை, ஐந்து தலையணை, பையன் கட்டிக்கொண்டு தூங்கும் கரடி பொம்மை. கடைசி ஐந்து விநாடியில் பீரோவுக்குப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூத்திருந்தது. அந்த அறையில் ஆறு வயதுப் பையன் தினம் பத்து மணி நேரம் மூச்சு விடுகிறான். அவன் அப்பா கேட்ட கேள்வி இது: “மெயின் ரோட்டுப் பக்கம் வீடு இருக்கிறதாலதானே டாக்டர் இப்படி?”

ரோடும் காரணம்தான். ஆனால் ரோட்டை நகர்த்த முடியாது, கொசுவர்த்தியை இன்றிரவே அணைக்கலாம். கீழே உள்ள பதில்களை அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

வீசிங் என்றாலே ஆஸ்துமாவா? ஒருவர் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்றார், இன்னொருவர் வெறும் சளி என்கிறார்.

ஐந்து வயதுக்குக் கீழே பல பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் கூடவே வீசிங்கும் வரும், வளர வளர நின்றுவிடும். அது எல்லாமே ஆஸ்துமா ஆகிவிடாது. காய்ச்சல் இல்லாமலும் வருகிறதா, விடியற்காலை இருமி எழுந்திருக்கிறதா, ஓடினாலோ விழுந்து விழுந்து சிரித்தாலோ இருமல் பிடிக்கிறதா, அம்மா அப்பாவில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா, பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் என்ற தோல் அரிப்பு உண்டா என்று பார்ப்போம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும்.

‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்பது குழந்தைகளுக்கு வரும் காசநோய். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா, எடை குறைகிறதா, பரிசோதனையில் தடயம் உண்டா என்று பார்க்காமல் அந்தப் பெயரை ஒட்டக்கூடாது. ஆறு மாதம் டி.பி. மருந்து சாப்பிட்டு முடித்த பிறகும் அதே இருமலோடு வந்த ஆஸ்துமாப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்துமா என்ற சொல்லைக் கேட்க அம்மா அப்பாவுக்குப் பயம், சொல்ல டாக்டருக்குத் தயக்கம். நடுவில் பிள்ளைக்கு வருடம் போய்விடுகிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது? புகையும் அலர்ஜியும் ஒன்றா?

ஒன்றில்லை. முடிவு மட்டும் ஒரே மாதிரி இருக்கும்: மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி அடைக்கும். குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு இருக்கும் தடை இரண்டு மடங்கு இல்லை, பதினாறு மடங்கு ஆகிவிடும். பெரியவருக்கு மூக்கடைப்போடு போகிற சளி, இரண்டு வயதுக் குழந்தையின் விலாவை உள்ளே இழுப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

புகை, பெயின்ட் வாடை, மிளகாய் நெடி எல்லாம் எரிச்சலூட்டிகள். யார் சுவாசித்தாலும் உறுத்தும், ஆஸ்துமா உள்ள குழாயை அதிகமாக உறுத்தும். தூசிப்பூச்சி, கரப்பான் பூச்சி, பூஞ்சை, மகரந்தம் ஒவ்வாமைப் பொருட்கள். அவற்றை எதிரி என்று உடம்பு ஏற்கெனவே குறித்து வைத்திருந்தால்தான் சண்டை. அப்படிக் குறித்து வைக்கும் புரதத்துக்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர்.

இரண்டும் சேரும்போதுதான் வினை. டீசல் புகைத்துகளையும் மகரந்தத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மகரந்தம் மட்டும் கொடுத்தபோது வந்ததைவிட ஒவ்வாமை பல மடங்கு வலுத்தது. ஆகவே “தூசியா, புகையா, எது சார்?” என்று என்னிடம் ஒரே ஒரு குற்றவாளியைக் கேட்காதீர்கள்.

பெரியவர்கள் நன்றாக இருக்கிறோம், பிள்ளைக்கு மட்டும் ஏன்?

எடைக்கு எடை பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அப்புறம், மூன்றடி உயரப் பிள்ளையை ரோட்டோரம் நிறுத்திப் பாருங்கள், பஸ்ஸின் புகைக்குழாய்க்கு அதன் மூக்கு எவ்வளவு பக்கம் என்று தெரியும்.

தினம் பெருக்கித் துடைக்கிறோம். எங்கள் வீட்டில் தூசி எங்கே இருக்கிறது?

மெத்தையில். தரையில் தெரிகிற தூசியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான் சங்கதி. நீளம் கால் மில்லிமீட்டர், எட்டுக் கால், சிலந்தி வகையறா. கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்னும். தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழும். கடலோர ஊரின் ஈரக்காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு கிராம் மெத்தைத் தூசியில் நூற்றுக்கணக்கில் இருக்கும், சில வீடுகளில் ஆயிரத்தைத் தாண்டும். வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்று 1964-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பிரச்சினை பூச்சியைவிட அதன் எச்சத்தில் இருக்கிறது. அதிலுள்ள செரிமான நொதி மூச்சுக்குழாய்ச் செல்களுக்கு இடையிலான பிணைப்பையே அறுத்து வழி பண்ணிக்கொள்கிறது. பிள்ளை தலையணையில் முகம் புதைத்துப் புரளும்போது அது நேராக மூக்குக்குள் போகிறது. பகலில் நன்றாக விளையாடும் பிள்ளை விடியற்காலை நாலு மணிக்கு இருமி எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது: தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒரு முறை 60 டிகிரிச் சுடுநீரில் துவையுங்கள். மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் பக்கெட்டில் கொதிநீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுத் துவைத்தாலும் சரி. மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமான நெசவுள்ள முழு உறை போடுங்கள். கரடி பொம்மையைத் தூக்கி எறிய வேண்டாம், பிள்ளை அழும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃபிரீசரில் வைத்துவிட்டு அப்புறம் துவைத்துக் காய வைத்துக் கொடுங்கள்.

மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போடும் பாட்டி வைத்தியத்துக்கு நான் நூறு மதிப்பெண் கொடுப்பேன். நேர் வெயிலில் ஈரம் வற்றிப் பூச்சி சாகிறது. செத்த பூச்சியும் எச்சமும் மெத்தையிலேயே கிடக்கும் என்பதால் மாடியிலேயே நன்றாகத் தட்டுங்கள். தட்டுகிறவர் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். பிள்ளை பக்கத்தில் நிற்கக்கூடாது.

உறை மட்டும் போட்டுவிட்டு அதிசயம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரே ஒரு வழியை மட்டும் செய்து பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சுமாரான பலனையே காட்டின. நாலைந்தைச் சேர்த்துச் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கொசுவர்த்தி இல்லாமல் எப்படித் தூங்குவது? டெங்கு வந்துவிடாதா?

நியாயமான பயம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்து அளந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் கக்கும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவு. யாரும் குழந்தையின் கட்டிலுக்கடியில் நான்கு பாக்கெட் சிகரெட்டைக் கொளுத்தி வைக்க மாட்டோம். சுருள் பச்சையாக, மெலிதாக, வாசனையாக இருப்பதால் மனசு ஒப்புக்கொள்கிறது.

திரவ மெஷினில் புகை இல்லை என்பது உண்மை, மருந்து இருக்கிறது என்பதும் உண்மை. சில பிள்ளைகளுக்கு அந்த வாடையே இருமலைக் கிளப்பும். வேறு வழியே இல்லையென்றால் சுருளைவிட மெஷின் மேல். பிள்ளை படுக்கப்போவதற்கு முன்பே போட்டு, கதவைச் சற்றுத் திறந்து காற்றோட்டம் விட்டு, பிறகு அணைத்துவிடுங்கள். என் ஓட்டு கொசுவலைக்கும் ஜன்னல் வலைக்கும்தான். டெங்கு கொசு பகலில் கடிப்பது. இரவுச் சுருளை நம்பி டெங்குவை நிறுத்திவிட முடியாது. தண்ணீர்த் தொட்டியை மூடுவதும் மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்ப்பதும்தான் அதற்கு வழி.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுகிறோம். அது மூலிகைதானே?

மூலிகையானாலும் எரிந்தால் புகைதான். தலைமுடி ஈரத்துக்காகப் பாட்டிமார் குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்துத் தூபக்காலின்மேல் காட்டுவார்கள். அந்த நேரம் குழந்தையின் மூக்கு எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். தணலில் போடும் சாம்பிராணியோடு நின்ற காலம் போய், இப்போது கப் சாம்பிராணியும் கம்ப்யூட்டர் சாம்பிராணியும் வந்துவிட்டன. அவற்றில் கரித்தூளும் வாசனைத் திரவியமும் சேர்ந்திருக்கும்.

இதை மாமியாரிடம் மருமகள் சொன்னால் வீட்டில் வேறு புகை கிளம்பும். அதனால் பாட்டியையே கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்வேன். “பூஜை வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. விளக்கேற்றுங்கள். புகை மட்டும் வெள்ளிக்கிழமை ஒரு நாள், ஜன்னலைத் திறந்துவைத்து, பேரன் வெளியே விளையாடும் நேரத்தில் போடுங்கள். தலையைத் துண்டால் துவட்டினால் போதும்” என்பேன். பேரன் நெபுலைசரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பாட்டிகள் யாரும் என்னிடம் சண்டை போட்டதில்லை.

கரப்பான் பூச்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. அதன் எச்சம், எச்சில், உதிர்ந்த தோல் எல்லாம் ஒவ்வாமைப் பொருள். அமெரிக்காவின் எட்டு நகர்ப்புற ஏழைப் பகுதிகளில் 4 முதல் 9 வயதுள்ள ஆஸ்துமாப் பிள்ளைகளிடம் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்களுக்குக் கரப்பான் பூச்சி ஒவ்வாமை இருந்தது. ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியில் அதன் அளவும் அதிகமாக இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நெருக்கமான குடியிருப்பு, பக்கத்து வீட்டோடு பங்கிட்ட சுவர், கசியும் குழாய் என்று அங்கே பட்டியலிட்டவை நம் ஊர் லைன் வீடுகளுக்கும் பொருந்தும்.

ஸ்பிரே அடிக்காதீர்கள். அடித்த அன்று இரவே பிள்ளைக்கு வீசிங் வந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் உண்டு. சமையலறை மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் போதும். இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் விட்டுவைக்காமல் இருப்பதும், தொட்டிக்கடியில் சொட்டும் குழாயை அடைப்பதும் அதைவிட முக்கியம். பூச்சி ஒழிந்த பிறகும் எச்சம் மாதக்கணக்கில் தங்கும், அதனால் மூலை முடுக்கையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சுவரில் ஓதம். புது பெயின்ட் அடித்துவிட்டோம், போதுமா?

போதாது. ஓதம் வருகிற வழியை அடைக்காமல் அடித்த பெயின்ட், பூஞ்சைக்குப் போட்ட போர்வை. அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். கூடவே புதுப் பெயின்டின் வாடையே சில நாட்களுக்கு மூச்சைப் பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளம் போல வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் நனைந்த மெத்தையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஈரப் பொருளில் பூஞ்சை துளிர்க்க ஓரிரு நாள் போதும். வாடகை வீடென்றால் ஓனர் சுவரைச் சரிசெய்யும்வரை கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், பீரோவுக்குப் பின்னால் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சுரண்டித் துடைக்கும்போது பிள்ளை வீட்டில் இருக்க வேண்டாம்.

நாய், பூனை?

அந்த விலங்குக்கு ஒவ்வாமை இருந்தால் மட்டுமே பிரச்சினை. முடியைவிட எச்சிலிலும் தோல் செதிலிலும்தான் விஷயம் இருக்கிறது. பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பினாலும் அது விட்டுச்சென்றது மாதக்கணக்கில் நீடிக்கும். ஒவ்வாமை இல்லாத பிள்ளையிடமிருந்து நாய்க்குட்டியைப் பிரிப்பது வீண் கொடுமை.

தாளிக்கும்போது இருமுகிறான். அடுப்பும் காரணமா?

மிளகாய் வறுக்கிற நெடி எரிச்சலூட்டி. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டுத் தாளியுங்கள், அடுக்களைக் கதவைச் சாத்துங்கள், முடிந்தது. விறகடுப்பு வேறு கதை. மூடிய அறைக்குள் அதன் புகை மெயின் ரோட்டுப் புகையைவிட மோசம். கேஸ் அடுப்பிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், ஆனால் விறகோடு பார்த்தால் அது எவ்வளவோ தேவலை.

நான் மொட்டை மாடிக்குப் போய்த்தான் சிகரெட் பிடிக்கிறேன்.

சட்டையோடுதானே இறங்கி வருகிறீர்கள்? துணியிலும் முடியிலும் விரலிலும் ஒட்டியது பிள்ளையைத் தூக்கியதும் அதன் முகத்துக்கு வருகிறது. மாடி என்பது வீட்டுக்குள் பிடிப்பதைவிட மேல், அவ்வளவுதான். நிறுத்துங்கள்.

வெளிக்காற்று மாசு ஆஸ்துமாவை உண்டாக்குமா, இருப்பதைத் தூண்ட மட்டும் செய்யுமா?

தூண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. உண்டாக்கவும் செய்யும் என்ற பக்கம் சான்றுகள் வலுவாகச் சாய்ந்துவிட்டன, குறிப்பாக வாகனப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு விஷயத்தில். உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வருவதில் அதற்குப் பங்குண்டு என்று 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. மதிப்பீடுதான், தலை எண்ணியது இல்லை.

எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற லண்டன் சிறுமியின் கதையை நான் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்வதுண்டு. தென்கிழக்கு லண்டனில் லூயிஷம் பகுதி, சவுத் சர்க்குலர் என்ற நெரிசலான ரோட்டுக்கு மிக அருகில் வீடு. மூன்று வருடத்துக்குள் கிட்டத்தட்ட முப்பது தடவை ஆஸ்பத்திரி. 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்துபோனாள். அவள் அம்மா ரோசமண்ட் விடவில்லை. இரண்டாவது விசாரணை நடந்து, 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ, காற்று மாசும் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் ஒரு தனி மனிதரின் இறப்பில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் முறை. அந்த வீட்டுக்கு வெளியே காற்று சட்ட வரம்பைத் தாண்டியிருந்தது என்று அந்த அம்மாவுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. தெரிந்திருந்தால் வீடு மாறியிருப்பேன் என்றார் அவர்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸையும் அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். அந்த 17 நாட்களில் காலை நெரிசல் 22 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, வாகனப் புகையிலிருந்து உருவாகும் ஓசோன் மாசும் குறைந்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த குழந்தைகள் ஆஸ்துமாவுக்காக அவசரமாக வந்தது சுமார் 42 சதவீதம் சரிந்தது. அழகான கதைதான். ஆனால் பின்னால் வந்த மறு ஆய்வு, அதே வாரங்களில் சுற்றுவட்டார ஊர்களிலும் ஓசோன் குறைந்திருந்ததைக் காட்டி, குறைந்தது போக்குவரத்தால்தானா என்று சந்தேகம் கிளப்பியது. எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது தெற்குக் கலிபோர்னியாவின் நீண்ட ஆய்வு. இருபது வருடத்தில் அங்கே காற்று சுத்தமாக ஆக, பின்னால் வந்த பிள்ளைகளின் நுரையீரல் முந்திய பிள்ளைகளுடையதைவிட நன்றாக வளர்ந்தது.

நம் பக்கம் எண்ணூர், மணலி அனல்மின் நிலையங்களும் ஆலைகளும், 2022 ஏப்ரலில் நாட்கணக்கில் எரிந்த பெருங்குடி குப்பைமேடு, 2023 டிசம்பரில் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் கசிந்த அம்மோனியா என்று பட்டியல் நீளும். இதில் தனி ஆள் செய்யக்கூடியது குறைவு. குப்பை எரிந்தால் அன்று ஜன்னலைச் சாத்தலாம், சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாம். மிச்சத்துக்குப் புகார் கொடுக்க வேண்டும், நாலு பேராகச் சேர்ந்து கேட்க வேண்டும். ரோசமண்ட் செய்தது அதுதான்.

செல்போனில் ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) 90 என்று பச்சையாகக் காட்டுகிறதே?

இந்திய அளவுகோலில் 51 முதல் 100 வரை ‘திருப்திகரம்’, அதனால் பச்சை. அந்தப் படியில் பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாளைக்கு வைத்த வரம்பு 15. ஆக நம் பச்சை, அவர்கள் கணக்கில் நாலு மடங்கு வரை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓடியாடுவதைக் குறையுங்கள், 200-ஐத் தாண்டினால் உள்ளேயே இருக்கட்டும். எண்ணைவிடப் பிள்ளையின் இருமலுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். நிலையம் இருப்பது வேறு பேட்டையாக இருக்கலாம்.

போகி, தீபாவளிக்கு என்ன செய்வது?

போகிதான் எனக்கு அதிகம் பயம். பாய், துணி என்று ஆரம்பித்து டயர், பிளாஸ்டிக்வரை எரிகிறது, அதுவும் காற்றே அசையாத மார்கழிக் குளிரில். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்களே இறங்கத் தடுமாறின. இரவே ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, வெயில் ஏறும்வரை பிள்ளையை உள்ளே வைத்திருங்கள்.

தீபாவளிக்கு 2018 முதல் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பசுமைப் பட்டாசு என்றால் புகையே வராது என்று நினைக்காதீர்கள், சுமார் 30 சதவீதம் குறைவு, அவ்வளவே. கையில் பிடிக்கிற கம்பி மத்தாப்பும் பாம்பு மாத்திரையும் சாதுவாகத் தெரிந்தாலும் மூக்குக்குப் பக்கத்திலேயே புகைவது அவைதான். தினம் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைப் பண்டிகைக்கு முந்திய வாரங்களில் ஒரு வேளை கூட விடாதீர்கள்.

மகரந்தம் நம் ஊரிலும் உண்டா?

உண்டு. சீமைக்கருவேலம், பார்த்தீனியம், புல் வகைகள். வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருப்பதால் மேல்நாட்டில் போல ‘சீசன்’ என்று தெளிவாகத் தெரியாது. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழைக் காற்று புல் மகரந்தத்தை உடைத்து நுண்துகளாக்கி ஊர்மேல் இறைத்தது; பத்துப் பேர் இறந்தார்கள். அதுவரை வெறும் தும்மல் என்று இருந்தவர்களுக்கும் அன்று மூச்சு முட்டியது. மூக்கு அலர்ஜியைச் சில்லறை விஷயமாக விடவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏர் ப்யூரிஃபையர் வாங்கட்டுமா?

மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் பணம் மிச்சமிருந்தால், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதை, அறை அளவுக்கு ஏற்றதை வாங்குங்கள். புகைத்துகளுக்கு உதவும். மெத்தைக்குள் இருக்கும் பூச்சிக்கு உதவாது. ஓசோன் விடும் மெஷின் வேண்டவே வேண்டாம். கொசுவர்த்தியும் ப்யூரிஃபையரும் ஒரே அறையில் ஓடிய வீடியோவும் எனக்கு வந்திருக்கிறது. ஏ.சி. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். பெரியவர்களுக்கான என் 95 மாஸ்க் குழந்தை முகத்தில் பொருந்தாது, ஓரத்தில் எல்லாம் காற்றுப் போகும்.

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு நிறுத்திவிட்டோம்.

திரும்பக் கொடுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்போ வீக்கமோ வாந்தியோ வந்த உணவென்றால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள். பழத்தை நிறுத்திய வீட்டில் சுருள் எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அலர்ஜி டெஸ்ட்?

தோலில் செய்யும் குத்துச் சோதனை உதவும், அதுவும் முடிவை வைத்து ஏதாவது மாற்றப்போகிறோம் என்றால். இரத்தத்தில் நூறு பொருளுக்குப் பார்க்கும் பேக்கேஜ் வேண்டாம். பாசிட்டிவ் என்று வருவதெல்லாம் நோய் தருவது இல்லை. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கத்தரிக்காய் முதல் கோதுமை வரை நிறுத்திய அம்மாக்கள் உண்டு.

வீட்டை இப்படி மாற்றிவிட்டால் இன்ஹேலரை நிறுத்தலாமா? பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

முதலில் சொன்ன பையனின் அப்பா இதைத்தான் கேட்டார். சுருளுக்குப் பதில் வலை, மெத்தைக்கு உறை, கட்டில் எதிர்ச் சுவருக்கு மாறியது. இரண்டு மாதத்தில் இரவு இருமல் நின்றது. “இனி எதற்கு டாக்டர் பஃப்?” என்றார். வீட்டை மாற்றியதோடு தினம் காலையும் மாலையும் எடுத்த தடுப்பு இன்ஹேலரும் சேர்ந்துதான் அது நின்றது. வீக்கம் வற்றிய குழாய் அடுத்த போகியைத் தாங்குமா என்று பார்த்து, குறைந்தது மூன்று மாதமாவது நன்றாக இருந்த பிறகே அளவைப் படிப்படியாகக் குறைப்போம். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுத்தான்.

பழக்கம் ஆகாது. சிரப் நல்லது, இன்ஹேலர் ‘பவர்’ அதிகம் என்ற எண்ணமும் தலைகீழ். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், இருபதில் ஒரு பங்கு. சிரப் உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, கடைசியில்தான் நுரையீரலுக்கு வரும். சின்னப் பிள்ளைகளுக்கு இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்தே கொடுங்கள், ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்புளிக்கட்டும். மூச்சு முட்டும்போது மட்டும் எடுக்கும் நிவாரண இன்ஹேலரை வைத்துக்கொண்டு, தடுப்பு இன்ஹேலர் இல்லாமல் காலம் தள்ளுவதுதான் ஆபத்து.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவிலும் தொண்டைக்குழியிலும் பள்ளம் விழுகிறதா? ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறதா? கைக்குழந்தையென்றால் பால் குடிக்க முடியாமல் விட்டுவிடுகிறதா? உதடு நீலம் பாய்கிறதா, கண் சொருகுகிறதா? ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இவ்வளவு நேரம் கேட்ட விசில் சத்தம் திடீரென்று நின்று, பிள்ளை இன்னும் திணறினால் அது குணமான அடையாளம் இல்லை, காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

போகிற வழியில் நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் கொடுங்கள். ஒவ்வொரு பஃப்பாக அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மூச்சு விடட்டும். எத்தனை பஃப், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே ஒரு தாளில் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். அதன் நகல் ஒன்று ஸ்கூல் பையிலும், இன்னொன்று பிள்ளையை மாலையில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் இருக்கட்டும். இன்ஹேலர் காலியாகிவிட்டதா என்று உள்ளே இருக்கும் டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. அது சரியான கணக்குத் தராது. பக்கவாட்டில் எண் காட்டும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.